கோட்டுப் பையில் வந்த குப்பி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள், நெருக்கிக்கொண்டால் எல்லோருக்கும் இடம் இருக்கிறது. இன்றைக்கு ராஜாவும் இல்லை, ராட்சசனும் இல்லை. இரண்டு பெண்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததால் ஒரு நல்ல மருந்து குப்பைக்குப் போகப் பார்த்த கதை. நடுவில் கொஞ்சம் மூச்சு முட்டும். முடியும்போது நன்றாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அதற்கு நான் பொறுப்பு.

மருந்து கண்டுபிடிக்கிற நிலையம் ஒன்று. கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பார்கள். குடுவையில் எதையாவது சுட வைப்பார்கள், கலக்குவார்கள், வடிகட்டுவார்கள், உலர்த்துவார்கள். கடைசியில் கொஞ்சம் தூளும் நிறையக் கால் வலியும் கிடைக்கும். அந்தக் கட்டடத்தில் இவர்களுக்குச் சமையல்காரர்கள் என்று பெயர். மேல்தளத்தில் இருப்பவர்கள் புற்றுநோய்ச் செல்களைத் தட்டுகளில் வளர்ப்பார்கள். வேளாவேளைக்குத் தீனி, உடம்புச் சூட்டில் ஒரு பெட்டி, பூஞ்சை வந்துவிடுமோ என்று ஓயாத கவலை. இவர்கள் தோட்டக்காரர்கள். பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ய மாட்டார்கள், கடைசியில் கொல்வதற்கா இத்தனை சீராட்டு என்று கீழே இருப்பவர்கள் கேலி செய்வார்கள்.

கீழே செய்த தூள் மேலே போகும். மேலே அதைச் செல்களின் மேல் விட்டு, செத்ததா பிழைத்ததா என்று பார்த்துச் சொல்வார்கள். சாகவில்லை என்றால் மேலே இருப்பவர்கள் சமையலைக் குறை சொல்வார்கள். கீழே இருப்பவர்கள் தோட்டத்தைக் குறை சொல்வார்கள். இது தினப்படி நடக்கிற கூத்து, யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

நம் கதையின் சமையல்காரியும் தோட்டக்காரியும் ஒரே வீட்டுக்காரர்கள். சமையல்காரி அண்ணி. தோட்டக்காரி அவளுடைய நாத்தனார், வீட்டில் செல்லமாகப் பாப்பா. பாப்பாவின் அண்ணன் கப்பலில் இஞ்சினியர். வருஷத்தில் பாதி நாள் தண்ணீர்மேல். ஆகவே அண்ணியும் நாத்தனாரும் ஒரே ஸ்கூட்டரில் வேலைக்குப் போவார்கள், ஒரே ஸ்கூட்டரில் திரும்புவார்கள். வழியெல்லாம் பேச்சு. சிவப்பு விளக்கில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பேச்சு.

அந்த வீட்டின் பெரியவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பாப்பாவுக்கு அப்பா, சமையல்காரிக்கு மாமனார். பீடி சிகரெட் எதையும் தொட்டறியாத மனிதர். ஆனாலும் அவருடைய நுரையீரலில் கட்டி வந்தது. வருவதற்கு எப்போதும் காரணம் சொல்லிக்கொண்டா வருகிறது? இருமி இருமி விலா எலும்பு நோகிறது என்று டாக்டரிடம் போனவருக்கு, கட்டியைக் கிள்ளிச் சோதித்துப் பார்த்துவிட்டு, தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை கேட்டது. படுத்துக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார். எழுந்து உட்கார்ந்தவர் தெருமுனை வரை நடந்தார். பிறகு வழக்கம்போல, வீட்டுக்கு வருகிற ஆட்டோக்காரர்களிடம் எல்லாம் வண்டி ஓட்டுவது எப்படி என்று சொல்ல ஆரம்பித்தார்.

அந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று மருமகள்தான் அவருக்கு விளக்கினாள். கட்டியில் இருக்கிற செல்லுக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது போட்டது போட்டபடி மாட்டிக்கொண்டு, வளர் வளர் என்று உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தச் சுவிட்சில் ஒரு சின்னக் குழி. மாத்திரையில் இருக்கும் மூலக்கூறு ரொம்பப் பொடிசு. வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் ஏறி, செல்லுக்குள்ளேயே நுழைந்து, அந்தக் குழியில் போய்ப் பொருந்திக்கொள்ளும். சுவிட்ச் அணைந்துவிடும்.

"சன்னலோர சீட்டுல ஒருத்தன் ஏறி உக்காந்துட்டான், எழுந்திரிக்க மாட்டேங்கிறான். அவ்வளவுதானே?" என்றார் டிரைவர்.

"அதேதான் மாமா."

"நல்ல பயல். உக்காந்தே இருக்கட்டும்."

அவன் உட்கார்ந்தே இருப்பானா என்பதுதான் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். ஏனென்றால் இந்த நோய் பொல்லாதது. நாளாக ஆக சீட்டின் வடிவத்தையே மாற்றிக்கொள்ளும். பழைய மூலக்கூறு வந்து உட்காரப் பார்த்தால் இடிக்கும், வழுக்கும், இறங்கிவிடும். கட்டி மறுபடி வளரும். வடிவம் மாறிய அந்த சீட்டில் உட்காரக்கூடிய ஒரு புது மூலக்கூறைத்தான் சமையல்காரியின் குழு தேடிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு கையைக் குட்டையாக்கு, அங்கே ஒரு வாலை ஒட்டு, இந்த மூலையை மழித்து விடு என்று வருஷக்கணக்காக வேலை. செய்ததெல்லாம் ஒன்று கரையாது, அல்லது ஈரலைக் கெடுக்கும், அல்லது சீட்டையே திரும்பிப் பார்க்காது. எல்லோரும் சலித்துப்போன சமயத்தில் கடைசியாக ஒன்று பிறந்தது. வெளிர் மஞ்சள் தூள். அதற்குக் கடைக்குட்டி என்று பெயர் வைத்தாள் சமையல்காரி.

கொஞ்சமே கொஞ்சம் கடைக்குட்டியை வழக்கமான கரைப்பானில் கரைத்து, பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, மூடியைத் திருகி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறினாள். நிலையத்தில் ஒரு விதி உண்டு: மேலே போகிற குப்பி எல்லாம் படிக்கட்டுப் பக்கத்தில் இருக்கும் குளிர் அலமாரியில் வைக்கப்பட்டு, அங்கிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். நம் வீட்டுப் பெண்ணுக்கு என்ன விதி என்று இவள் எப்போதும் கையிலேயே கொண்டுபோய்க் கொடுப்பாள். பேசிக்கொண்டே போவாள், கையால் குப்பியை ஆட்டிக்கொண்டே பேசுவாள்.

"இந்தா, உன் செடிங்களுக்குத் தண்ணி ஊத்து."

"உப்பு காரம் எல்லாம் போட்டிருக்கீங்களா அண்ணி?"

"நீ போட்டுப் பாரு, அப்புறம் பேசு."

சில நாள் கழித்து, பாப்பா மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலேயே போன் செய்தாள். "அண்ணி, மேல வாங்க. பாய் சுருட்டுன மாதிரி எல்லாம் சுருண்டு கிடக்கு." வடிவம் மாறிய சீட்டை வைத்திருந்த செல்கள் அத்தனையும் செத்திருந்தன. அன்றைக்கு ஸ்கூட்டரில் இருவரும் பேசவே இல்லை. சந்தோஷத்தில் சில சமயம் வாய் வராது.

இனி என்ன, அதிகத் தூள் செய்து, இன்னொரு முறை சோதித்து, பிறகு விலங்குகளிடம் கொண்டுபோக வேண்டும். சமையல்காரி பெரிய குடுவையை எடுத்தாள். இந்த இடத்தில்தான், கண்ணுகளா, வீட்டில் ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் எல்லாம் கோணலாகிப் போனது.

பாப்பா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். டிரைவர் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். "மருமகளே, ஒண்ணு கேக்குறேன், மழுப்பாம சொல்லு. இந்த மாத்திரை எவ்வளவு தூரம் ஓடும்?"

சமையல்காரி அவரைப் பார்த்தாள். "சில பேருக்கு ரொம்ப தூரம் ஓடுது மாமா. ஆனா ஒரு நாள் நிக்கும். பெரும்பாலும் நிக்கத்தான் செய்யும்."

"நின்னா?"

"வேற வண்டி மாறணும். அதைத்தான் நாங்க கட்டிக்கிட்டு இருக்கோம்."

"கட்டி முடிச்சிடுவீங்களா?"

"தெரியல மாமா. முடியும்னு நினைக்கிறேன்."

அவர் தலையாட்டினார். மோவாயைத் தடவிக்கொண்டார். "சரி. தெரிஞ்சா போதும். எந்த ஸ்டாப்புல இறங்கணும்னு தெரியாம உக்காந்திருக்கிறதுதான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு டிவியைப் போடப் போனார்.

பாப்பா கையில் தட்டு சொட்டச் சொட்ட நின்றிருந்தாள். அவர் போன பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"அவர் கேட்டார். சொன்னேன்."

"அவர் எங்கப்பா."

"எனக்கு யாரு? பக்கத்து வீட்டுக்காரரா?"

"நிம்மதியா சாப்பிட்டுக்கிட்டு இருந்த மனுஷன் அண்ணி. இனிமே ஒவ்வொரு தடவை இருமும்போதும் நின்னுடுச்சோ நின்னுடுச்சோன்னு நினைப்பார். உங்க அப்பாவா இருந்தா இப்படிச் சொல்லியிருப்பீங்களா?"

சமையல்காரி ஈரத் துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள், சுத்தமாக இருந்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

ஒரே கூரையின் கீழ் பேசாமல் இருப்பது சுலபம் இல்லை. அதற்கு ஒரு ஆள் வேண்டும். டிரைவர்தான் அந்த ஆள்.

"அப்பா, கேஸ் தீர்ந்துடுச்சாம்னு சொல்லிடுங்க."

"மாமா, நேத்தே சொல்லி வச்சாச்சுன்னு சொல்லிடுங்க."

"அப்பா, சொல்லி வச்சவங்க ஒரு வார்த்தை நம்மகிட்டயும் சொல்லலாம்னு சொல்லுங்க."

"நான் என்ன தபால்காரனா?" என்றார் டிரைவர். "எனக்கு இருக்கிற மூச்சே கொஞ்சம். அதை உங்க கேஸ் சிலிண்டருக்கு எல்லாம் செலவு பண்ண முடியாது."

ஸ்கூட்டரில் சமையல்காரி மட்டும் போனாள். பாப்பா பஸ்ஸில் போனாள். புதிய கடைக்குட்டித் தூள் தயாரானபோது, சமையல்காரி அதைக் கரைத்துக் குப்பியில் ஊற்றினாள், மாடிப்படி வரை போனாள், குளிர் அலமாரியைத் திறந்தாள், விதிப்படி உள்ளே வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டாள். பாப்பாவும் விதிப்படி அங்கிருந்து குப்பியை எடுத்தாள். பழுப்புக் கண்ணாடி, உள்ளே என்ன என்று தெரியாது. மருந்தை இழுத்துத் தட்டுகளில் சொட்டு விடும் இயந்திரத்தில் பொருத்தினாள்.

செல்கள் சாகவில்லை. கொழுகொழுவென்று இருந்தன.

பாப்பா நம்பவில்லை. மறுபடி செய்தாள், அதே குப்பியிலிருந்து. மறுபடியும் கொழுகொழு. தோட்டத்தில்தான் கோளாறோ என்று, நன்றாகத் தெரிந்த பழைய மருந்து ஒன்றை அதற்கு உரிய செல்களில் விட்டுப் பார்த்தாள். அவை ஒழுங்காகச் செத்தன. ஆகத் தோட்டத்தில் குறை இல்லை. கீழே சமையல்காரி மிச்சம் இருந்த தூளைக் கருவியில் வைத்துப் பார்த்தாள். முதல் தூள் எப்படியோ அப்படியே இதுவும், துளி அழுக்கு இல்லை. ஆகச் சமையலிலும் குறை இல்லை. இரண்டு பேர் சொல்வதும் உண்மை, இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை. இதைவிடக் கோபம் வரவழைக்கிற நிலைமை உலகத்தில் உண்டா சொல்லுங்கள்.

குழுத் தலைவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். எதையும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறுத்துப் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஒரே வீட்டுல இருக்கீங்க. வீட்டுலயே பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டு வரக் கூடாதா?"

"வீட்டுல ஆபீஸ் விஷயம் பேசுறது இல்ல சார்" என்றாள் சமையல்காரி.

"எந்த விஷயமும் பேசுறது இல்ல" என்றாள் பாப்பா.

தராசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு தடவை வேலை செஞ்சு இன்னொரு தடவை வேலை செய்யாத மருந்தை நான் யார் வாயில போடச் சொல்றது? முதல் தடவை வந்ததுதான் தப்பான முடிவோ என்னவோ. வெள்ளிக்கிழமை கூட்டத்துல கடைக்குட்டியை நிறுத்திடலாம்னு இருக்கேன். ஆளுங்களை அடுத்த வேலைக்கு மாத்திடலாம்."

இருவரும் எழுந்து வந்தார்கள். வராந்தாவில் ஒருத்தி இடப்பக்கம் போனாள், ஒருத்தி வலப்பக்கம் போனாள். கடைக்குட்டி நின்றுவிட்டால் அந்த வண்டி இனி இல்லை. அடுத்த மூலக்கூறு பிறக்க எத்தனை வருஷமோ. அதுவரை வீட்டில் இருக்கிறவருக்குப் பழைய மாத்திரை ஓட வேண்டும். இதை இருவரும் நினைத்தார்கள். இருவரும் தனித்தனியாக, கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு நினைத்தார்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் டிரைவருக்கு ஸ்கேன். மாத்திரை இன்னும் கேட்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன். யார் கூட்டிக்கொண்டு போவது என்று இரண்டு பேரும் அவர் மூலமாகவே வாதாடினார்கள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"ரெண்டு பேரும் வந்தா வர்றேன். இல்லன்னா இந்த வண்டி டிப்போவை விட்டு நகராது."

டிரைவரும் பாப்பாவும் ஆட்டோவில், சமையல்காரி ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரிக் கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். நர்ஸ் வந்து அவரிடம் பெல்ட், வாட்ச், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். அவற்றைத் தன் நாற்காலியில் வைத்துவிட்டு, கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அந்த நாற்காலிக்கு இந்தப் பக்கம் அண்ணி, அந்தப் பக்கம் நாத்தனார். நடுவில் பெல்ட்டும் வாட்சும் மூக்குக்கண்ணாடியும். தபால்காரர் இல்லை.

பிறகு சமையல்காரி சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்கப்பாவுக்கு யாரும் சொல்லல."

பாப்பா திரும்பினாள்.

"அன்னைக்குக் கேட்டியே. எங்கப்பாவா இருந்தா சொல்லியிருப்பீங்களான்னு. யாரும் சொல்லல. நானும் சொல்லல. அடுத்த வாரம் வீட்டுக்குப் போயிடலாம், அடுத்த வாரம் வீட்டுக்குப் போயிடலாம்னு கடைசி வரைக்கும் பையை மடியில வச்சிக்கிட்டே படுத்திருந்தார். என்கிட்ட ஏதோ சொல்லணும்னு இருந்திருக்கார். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கலாம்னு தள்ளிப் போட்டுட்டார்."

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். இளகி வந்தது அவளுக்கு. ஆனால் ரோஷக்காரி, அழுகை வருகிற நேரத்தில் அவளுக்குச் சண்டைதான் வரும்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? வாயை மூடிக்கிட்டு மேசையைத் துடைச்சா எனக்கு எப்படித் தெரியும்? அதுக்கப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்கல. முன்னெல்லாம் குப்பியைக் கோட்டுப் பையில போட்டு, பேசிக்கிட்டே ஆட்டிக்கிட்டே வந்து, சூடு ஆறாம என் கையில குடுப்பீங்க. இப்ப என்னடான்னா யாரோ எவரோ மாதிரி அந்தக் குளிர்ப் பெட்டியில வச்சிட்டு..."

அவள் நிறுத்தினாள்.

சமையல்காரி சுவரிலிருந்து கண்ணை எடுத்தாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள், எத்தனையோ நாளுக்குப் பிறகு நேருக்கு நேர்.

"உறைஞ்சிருக்கும்" என்றாள் சமையல்காரி மெதுவாக.

"உறைஞ்சா மருந்து பிரிஞ்சு..."

"அடியில உக்காந்திருக்கும். வெளிய எடுத்தா கரைப்பான் உடனே உருகிடும், பாக்கத் தெளிவா இருக்கும். மருந்து மட்டும் கரையாம அடியிலயே கிடக்கும்."

"மிஷின் மேலாகத்தான் இழுக்கும் அண்ணி."

"வெறும் கரைப்பானைத்தான் உன் செடிங்களுக்கு ஊத்தியிருக்கு."

கண்ணுகளா, உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். அந்தக் கரைப்பான் ஒரு தொட்டாற்சிணுங்கி. தண்ணீர் உறைவதற்கு நல்ல குளிர் வேண்டும். இதற்குக் கொஞ்சம் ஜில்லென்று காற்றுப் பட்டாலே போதும், கட்டியாகிவிடும். மற்ற மருந்துகள் உருகும்போது தாமாகவே மறுபடி கரைந்துகொள்ளும். கடைக்குட்டி வீம்பு பிடித்த பிள்ளை. ஒரு முறை பிரிந்துவிட்டால், உள்ளங்கையில் வைத்துச் சூடு காட்டி நன்றாகக் குலுக்கினால்தான் திரும்பக் கரையும். கலக்காத டீயில் சர்க்கரை அடியில் கிடக்க, மேலாகக் குடித்தவர் சர்க்கரையே போடவில்லை என்று சண்டைக்கு வருகிற மாதிரி. முதல் முறை அது உறையவே இல்லை, ஏனென்றால் அண்ணியின் கோட்டுப் பையையும் கையையும் விட்டு எங்கும் போகவே இல்லை. உடம்புச் சூடும் ஓயாத பேச்சும் அதைக் கரைத்து வைத்திருந்தன. இரண்டாம் முறை அவர்கள் பேசவில்லை. அது உறைந்தது.

உள்ளேயிருந்து டிரைவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்காலியில் இருந்த பெல்ட்டை எடுத்து மாட்டினார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ள வரைக்கும் சத்தம் கேட்டுச்சு. மூச்சைப் பிடிங்கன்னு அந்த மிஷின் சொல்லுது, என்னால பிடிக்க முடியல, காதை இங்க வச்சிருந்தேன். என்ன, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"இப்பத்தான் ஆரம்பிக்குது மாமா" என்றாள் சமையல்காரி எழுந்துகொண்டே. "நான் ஓடிப் போய் அந்தக் குப்பியை..."

"நீங்க இருங்க அண்ணி. நான் போறேன்." பாப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஸ்கூட்டர் சாவிக்காகக் கையை நீட்டினாள். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "ரிப்போர்ட் இன்னைக்கே சொல்லிடுவாங்க. அப்பா என்ன கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவார்."

சமையல்காரி சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

பாப்பா நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கோட்டைக்கூட மாட்டவில்லை. அலமாரியிலிருந்து பழுப்புக் குப்பியை எடுத்தாள், சற்று நேரம் விட்டு, மேலே இருந்த திரவத்தை வேறு கண்ணாடிக்கு மாற்றினாள். தெளிந்த தண்ணீர் மாதிரி வந்தது. குப்பியின் அடியில் மஞ்சள் வண்டல், பொடி செய்த சாக்பீஸ் போல ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எடுத்த திரவத்தைத் திரும்ப ஊற்றினாள், மூடினாள், இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்து குலுக்கினாள். வண்டல் மெல்ல மெல்லக் கரைந்து காணாமல் போனது. பிறகு செல்களை எடுத்தாள்.

அதே நேரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் திரையில் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். "அப்படியேதான் இருக்கு. பழசைவிட ஒரு சுத்துச் சின்னதுன்னுகூடச் சொல்லலாம். மாத்திரையைத் தொடருங்க."

டிரைவர் டாக்டரைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தார். "நிசமா?"

அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். பழைய படத்தையும் புதுப் படத்தையும் நிதானமாகப் பார்த்தாள். "நிசம் மாமா. வளரல. வண்டி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

அவர் பெரிதாக மூச்சை விட்டார். நடுவில் இருமல் வரவில்லை. "டாக்டர் சொன்னப்ப பாதி நம்புனேன்" என்றார். "நீ எனக்காக ஒரு நாளும் பொய் சொன்னதில்ல. இப்ப மீதியும் நம்பிட்டேன்." டாக்டர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, சிரித்தார்.

மறுநாள் காலை, கூட்டத்துக்கு முன்னால், இருவரும் ஒன்றாகத் தராசின் அறைக்குப் போனார்கள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, இரண்டு பேரும் ஒரே கதவு வழியாக வந்ததற்கே ஆச்சரியப்பட்டார். நடந்ததைச் சொன்னார்கள்.

"அதாவது," என்றார் தராசு, "நீங்க பேசிக்காததால மருந்து உறைஞ்சு போச்சு."

"ஆமா சார்."

"இதை நான் மேலிடத்துக்கு எப்படிச் சொல்றது?"

"சேமிப்பு முறையில கோளாறுன்னு சொல்லுங்க சார்" என்றாள் பாப்பா.

தராசு இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை தலையை ஆட்டினார். "செல் எப்ப சாகும்?"

"திங்கக்கிழமை தெரிஞ்சிடும்."

"அப்ப கூட்டமும் திங்கக்கிழமை. அதுவரைக்கும் தயவு செஞ்சு ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காதீங்க."

அந்தச் சனியும் ஞாயிறும் வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் பேச்சு இருந்தது. கேஸ் சிலிண்டரைப் பற்றி, கப்பல்காரனின் தாடியைப் பற்றி, பாப்பாவின் கல்யாணத்தைப் பற்றி. கல்யாணப் பேச்சு வந்ததும் அவள் வழக்கம்போல எழுந்து போய்விட்டாள். டிரைவர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, தபால் வேலை இல்லாமல், நாள் முழுக்க டிவி பார்த்தார்.

திங்கட்கிழமை காலை பாப்பா பெட்டியிலிருந்து தட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தாள். கண்ணை வைத்தாள். நகரவே இல்லை. பின்னால் நின்ற சமையல்காரி இன்னும் கிட்டே வந்தாள்.

"சொல்லேண்டி."

பாப்பா எழுந்து, இடத்தை விட்டு, அவளை உட்கார வைத்தாள். "நீங்களே பாருங்க அண்ணி."

பாய் சுருட்டிய மாதிரி எல்லாம் சுருண்டு கிடந்தன. ஒரு செல்கூட உயிரோடு தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. சமையல்காரி கண்ணை எடுக்காமலேயே ஒரு கையைப் பின்னால் நீட்டினாள். பாப்பா அதைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் பாலை வார்த்தது போல என்பார்களே, அப்படி இருந்தது இருவருக்கும். பக்கத்து மேசைத் தோட்டக்காரர் ஒருவர், எதையும் பார்க்காதவர் போலத் திரும்பிக்கொண்டார்.

கூட்டத்தில் கடைக்குட்டி பிழைத்தது. அடுத்தது எலிகளிடம் போகும். அதற்குப் பிறகு, எல்லாம் சரியாக வந்தால், மனிதர்களிடம். அது நீண்ட சாலை, நடுவில் பள்ளங்கள் இருக்கும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாலை அடைபடவில்லை. குளிர் அலமாரியின் கதவில் தராசு ஒரு தாள் ஒட்டினார்: "கையில் வைத்துச் சூடேற்றி, நன்றாகக் குலுக்கிய பின்னரே பயன்படுத்தவும்." மறுநாள் அதன் கீழே யாரோ பென்சிலால் கிறுக்கியிருந்தார்கள்: "கோபமாக இருப்பவர்கள் இரண்டு மடங்கு குலுக்கவும்." தராசு அதைப் பார்த்தார். அழிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஸ்கூட்டர் வாசலில் நின்றபோது டிரைவர் கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். வண்டி வருவதற்கு முன்பே பேச்சுச் சத்தம் தெருமுனையில் கேட்டுவிட்டதாம்.

"என்ன ஆச்சு? அடுத்த வண்டி ஸ்டாண்டுக்கு வந்துடுச்சா?"

பாப்பா அண்ணியைப் பார்த்தாள். பிறகு அப்பாவை நேராகப் பார்த்து அவளே பதில் சொன்னாள். "இன்னும் வரலப்பா. வர ரொம்ப நாள் ஆகும். ஆனா டிப்போவை விட்டுக் கிளம்பிடுச்சு."

டிரைவர் அதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். "கிளம்பிடுச்சுல்ல?" என்றார். "போதும். அதுவரைக்கும் இந்த வண்டியை நான் மெதுவா ஓட்டிக்கிட்டு இருக்கேன். வாங்க, பசிக்குது."

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து கால் கையை நீட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யார் மூச்சு விட்டாலும் அது தடங்கல் இல்லாமல் உள்ளே போய் வெளியே வரட்டும். இருமல் சத்தம் கேட்டால், அது சிரித்துச் சிரித்துப் புரையேறியதாகவே இருக்கட்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் சீக்கிரமே திரும்பிப் பார்க்கட்டும். மருந்து வேண்டியவர்களுக்கு மருந்து வழியிலேயே உறைந்து நிற்காமல், ஒரு சூடான கையிலிருந்து இன்னொரு சூடான கைக்கு வந்து சேரட்டும். போய் வாருங்கள், உங்கள் வாசல் நிறையச் செருப்பும் வீடு நிறையப் பேச்சுமாக இருக்கட்டும்.